பிளானுக்குள்ள ஆள் வேணும்

எங்க வீட்டுக்காரரை யாராவது "என்ன வேலை?"ன்னு கேட்டா, "வீடு கட்டுறேன்"ம்பாரு. பொய்! ஒரு செங்கல்லைத் தூக்கினது கிடையாது. வீட்டுக்கு பிளான் வரையறவரு. ஆபீஸ்ல குடுத்த, சிலேட்டு சைஸ் போன் மாதிரி இருக்கிற டேப்பை மடியில வச்சுக்கிட்டு, ஸ்டைலஸ் பேனாவால அந்தக் கண்ணாடி மேல கோடு போடுறதுதான் உத்தியோகம். ஆனா அந்தக் கோட்டைப் பார்க்கணுமே, ஸ்கேல் வச்ச மாதிரி போகும். எனக்கு அதுல ரொம்பப் பெருமை. அவர்கிட்ட மட்டும் சொல்ல மாட்டேன், சொன்னா தலைகால் புரியாது.

மனுஷனுக்கு ஒரே ஒரு கிறுக்கு. பிளானுக்குள்ள ஆள் வேணும். சமையலறை போட்டா அங்க ஒரு அம்மா கரண்டியோட நிக்கணும். குளியலறை வாசல்ல ஒருத்தர் துண்டோட தவிக்கணும். "ஆளை நிறுத்திப் பார்த்தாத்தானே கதவு யாரை இடிக்கும்னு தெரியும்?"னு நியாயம் வேற. அந்தப் பொம்மைகளைத் தனி லேயர்ல போடுவாரு. லேயர்னா, பிளான் மேல விரிச்ச கண்ணாடித் தாள்னு வச்சுக்கங்களேன். வேலை முடிஞ்சதும் அதை மறைச்சுட்டு அனுப்பணும்.

ஒரு தடவை மறந்துட்டாரு. குளிச்சுக்கிட்டே வாயைப் பொளந்து பாடுற பொம்மையோட பிளான் ஒரு டாக்டர் வீட்டுக்குப் போயிடுச்சு. முதலாளி கூப்பிட்டு, "இன்னொரு பொம்மை வெளியில போச்சுன்னா, அது பின்னாடியே நீங்களும் போயிடலாம்"னுட்டாரு. மருந்துக்கடையில நான் வாங்குற சம்பளம் வாடகைக்கே பத்தாது. இவரு வேலையும் போனா நாங்க நடுத்தெருவுலதான் நிக்கணும். அன்னையிலேர்ந்து "லேயரை மூடினீங்களா?"ன்னு கேட்காம நான் சாப்பாடு போட்டதில்லை.

இந்த நேரத்துலதான் ஒரு அக்காவும் தங்கையும் வந்து சேர்ந்தாங்க. ரெண்டு பேருக்கும் அப்பா விட்டுட்டுப் போன ஒரே வீடு. ஹாலுக்கு நடுவுல சுவர் எழுப்பி ரெண்டாக்கணுமாம். பேச்சு நின்னு பல வருஷம். ஒரே சோபாவுல அந்தக் கோடியில ஒருத்தி, இந்தக் கோடியில ஒருத்தி. "சார், ஜன்னல் எனக்குத்தான்னு அவங்ககிட்ட சொல்லுங்க"ம்பாங்களாம். இவரு நடுவுல தபால்காரர். அலைஞ்சு அலுத்துப்போயி, மூணு பேரும் ஒரே நேரத்துல திறக்கிற மாதிரி பிளானைப் பகிர்ந்து வச்சுட்டாரு. இவரு இங்க கோடு போட்டா அவங்க போன்ல அப்பவே தெரியும். அவங்களும் விரலால கோடு போடலாம், எழுதலாம். நல்ல யோசனைதான். அதை ஞாபகத்துல வச்சுக்கணுமா இல்லையா!

ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காதும்பாங்க, இவரு கை மட்டும் இருக்குமா? என் பக்கத்துல உட்கார்ந்து அந்த ஹால்ல ஆளுங்களை இறக்க ஆரம்பிச்சாரு. இந்தப் பக்கம் அக்கா, கையை நீட்டிக் கத்துறா. அந்தப் பக்கம் தங்கை, தலகாணியால காதைப் பொத்திக்கிட்டு இருக்கா. அக்கா கத்துறது தங்கச்சிக்கு எட்டணும்ல, அதுக்காகச் சுவரை இடுப்பளவுக்கு வெட்டிட்டாரு.

அந்த அக்கா என் கடைக்கு வர்றவங்கதான். "மூக்கை இன்னும் கொஞ்சம் நீட்டுங்க, அப்பத்தான் அவங்க மாதிரி இருக்கும்"னேன். நீட்டினாரு. வயிறு வலிக்கச் சிரிச்சோம்.

திடீர்னு அந்த மூக்கு தானா அழிஞ்சுது. அந்த இடத்துல சிவப்புக் கோடு ஒண்ணு நடுங்கி நடுங்கி வந்து, சின்னதா வேற மூக்கு போட்டுச்சு.

"என்னங்க, பேய் வரையுது!"

அவரு முகத்துல ஈயாடலை. "ஐயையோ, அவங்க ரெண்டு பேரும் பிளானுக்குள்ள இருக்காங்க!"

லேயரை மூட அவரு பேனாவை எடுக்கறதுக்குள்ள, ஒரு நீலக் கோடு வந்து மூக்கை மறுபடியும் நீட்டுச்சு. சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் வரைக்கும்! கீழே எழுத்து வேற.

சிவப்பு: "நிறுத்துடி."

நீலம்: "உனக்கு அப்பா மூக்கு. ஒத்துக்கோ."

சிவப்பு: "உன் தலையைப் பாரு. பூசணிக்காய்."

நீலம்: "இந்தப் பூசணிக்காய்க்குத் தலை பின்னிவிட்டது நீதானே."

ரொம்ப நேரம் கழிச்சு சிவப்புக் கோடு மெதுவா வந்துச்சு. தங்கை பொம்மை தலையில ஒரு ஜடை. யோசிச்சு, அதே தலையில மறுபக்கமும் ஒரு ஜடை.

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இவரு மட்டும், "நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு எனக்கு வேலை இருக்காது"ன்னாரு.

மறுநாள் கடையில எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. போன் வந்ததும் ஒரே தாவு.

"என்னங்க ஆச்சு?"

"நான் போறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் முதலாளி ரூம்ல. டேப்ல பொம்மைப் படம் அப்படியே தெரியுது. அவரு என்னைப் பார்த்த பார்வை இருக்கே... 'பொம்மையை எடுத்துடறோம், மன்னிச்சுக்கங்க'ன்னு அவங்ககிட்ட கெஞ்சுறாரு."

"அதுக்கு?"

"'பொம்மை இருக்கட்டும். சுவரையும் இதே மாதிரி இடுப்பளவா மாத்துங்க'ன்னுச்சு அக்கா. முதலாளி, 'அம்மா, பிரிக்கணும்னுதானே வந்தீங்க?'ன்னாரு. 'பிரிக்கணும்தான். கூரை வரைக்கும் சுவர் வச்சா இவகிட்ட எப்படிச் சண்டை போடுறது?'ன்னுச்சு தங்கை. இந்த வேலையை நான்தான் முடிச்சுத் தரணுமாம், இல்லேன்னா வேற ஆபீஸாம்."

"அப்ப வேலை?"

"இருக்கு! முதலாளியே சொல்லிட்டாரு!"

அடப்பாவி மனுஷா, இதை முதல்ல சொல்லக் கூடாதா? இருமல் மருந்து வாங்க வந்தவரு முன்னாடி நான் அழுதுகிட்டே சிரிச்சேன். அப்பத்தான் போன்ல ரெண்டு பொம்பளைங்க சத்தம் காதைப் பிளந்துச்சு.

"அது என்னங்க கூச்சல்?"

"அக்கா நெட்டை, தங்கை குட்டை. இடுப்பளவுன்னா யாரு இடுப்புன்னு சண்டை. நேருக்கு நேரா, முகத்தைப் பார்த்து! இப்ப என்னை யாரும் கண்டுக்கவே இல்லைம்மா."