சுடலைமுத்துவும் ஏறாத சார்ஜும்

சுடலைமுத்து யாரையும் நம்பமாட்டார். கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டுக்கு காஸ் சிலிண்டர் வந்தால், கொண்டுவந்தவன் கண்முன்னாலேயே நிறுத்துப் பார்ப்பார். தையல்காரரிடம் துணி கொடுத்தால், வெட்டி முடியும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். ஊரே தன்னை ஏமாற்றக் காத்திருக்கிறது என்று நாற்பத்தாறு வருடம் ஒரு மனிதர் எண்ணிக்கொண்டு வாழ்வதற்கும் தெம்பு வேண்டும். அது அவரிடம் தாராளமாக இருந்தது.

அப்படிப்பட்டவர் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார் என்றால், விற்றவன் இன்ஸாப் என்பதால்தான். ஒருகொடவத்தைக் கொள்கலன் யார்டில் இருவருக்கும் பதினொரு வருடமாக ஒரே மேசை. மேசை லாச்சியைப் பூட்டாமல் சுடலைமுத்து எழுந்து போவது அவன் ஒருவனை நம்பித்தான்.

வாங்கிய நாலாம் நாள் பற்றரி இறங்கியது. புதிது போட்டார். அதுவும் மூன்றே நாளில் இறங்கியது. "தெரிஞ்சே என் தலையில கட்டிட்டான்" என்று யார்ட் கன்டீனில் எல்லோர் காதிலும் போட்டுவைத்தார். ஒரு கிழமைக்குள், கொள்கலன்களைப் பார்த்து இன்ஸாப் எழுதிவைக்கும் சீல் நம்பரை ஆட்கள் மறுபடி சரிபார்க்கத் தொடங்கினார்கள். முன்பு ஒருவரும் அப்படிச் செய்ததில்லை. இன்ஸாப் சண்டைக்கு வரவில்லை.

"பலீல் நானாட்ட காட்டுவம், முத்து அண்ணன். பிழை என்ட எண்டா பைக்க நான் திருப்பி எடுக்கிறன்" என்றான்.

சனிக்கிழமை காலை கிராண்ட்பாஸில் பலீல் நானாவின் கராஜுக்குப் போனார்கள். நானாவும் இன்ஸாப்பும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் என்பது அங்கே போன பிறகுதான் சுடலைமுத்துவுக்குத் தெரிந்தது. போதாதா? கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு நின்றார்.

பலீல் நானா எஞ்சினை ஓடவிட்டு, மீட்டரின் இரண்டு வயரையும் பற்றரியில் வைத்தார். "எக்ஸலேட்டர முறுக்குங்க தம்பி."

சுடலைமுத்து முறுக்கினார். மீட்டர் பன்னிரண்டு வோல்ட்டிலேயே நின்றது.

"பதினாலுக்கு ஏறோணும். பற்றரி நல்லா ஈக்கி, அதுக்கு சார்ஜ்தான் வருதில்ல."

அடுத்து, கரண்டை உண்டாக்கும் காயிலின் மூன்று மஞ்சள் வயர்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மூன்றும் ஒரே அளவு காட்டின. காயிலிலும் பிழையில்லை. இதற்கிடையில் இன்ஸாப் பிளேன்டீ வாங்கி நீட்டினான். கண்ணை வேறு பக்கம் திருப்பத்தான் இந்தத் தேநீர் என்று நினைத்த சுடலைமுத்து, கோப்பையைப் பார்க்காமலே குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

"இனி ரெகியூலேட்டர்தான்" என்றார் நானா.

வந்துவிட்டது, பழையது ஒன்றைத் தலையில் கட்டப் போகிறார்கள் என்று சுடலைமுத்துவின் மனம் சொல்லி முடிப்பதற்குள், நானா ரெகியூலேட்டரிலிருந்து பற்றரிக்குப் போகும் வயர் சொக்கட்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே பித்தளைப் பற்களின் மேல் சிவப்பாக என்னவோ காய்ந்திருந்தது.

"நெயில் பொலிஷ்! இதுக்குள்ளால கரண்ட் எப்படிப் போகும்? ஆரு செஞ்ச வேல இது?"

சுடலைமுத்துவின் முகத்தில் ஈயாடவில்லை. பைக்கை வாங்கிய அன்றே, மகளின் நெயில் பொலிஷை எடுத்து அவர்தான் பூசினார். எந்தக் கராஜ்காரனாவது நல்ல சாமானைக் கழற்றிப் பழையதை மாட்டினால் கண்டுபிடிப்பதற்கு அடையாளமாம். வெளியே பூசினால் பார்த்து அதேபோலப் பூசிவிடுவார்கள் என்று, சொக்கட்டைக் கழற்றி உள்ளே பூசி, காய்வதற்கு முன்பே மாட்டிவிட்டார்.

அவர் வாய் திறப்பதற்குள் இன்ஸாப் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"எங்கட அஸ்காட வேலதான் நானா. விக்கிறத்துக்கு முன்ன நான் பைக்க கழட்டிக் கழுவக்குள்ள பக்கத்துலயே நிண்டா. கையில எந்நேரமும் நெயில் பொலிஷ். முத்து அண்ணன், நீங்க சொன்னது சரி. பிழை எங்கட ஊட்டுலதான்."

அஸ்கா அவனுடைய நாலு வயது மகள். சுடலைமுத்துவுக்கு உயிர் வந்தது. கூடவே, இதை ஏற்றுக்கொள்வதில் இவனுக்கு என்ன லாபம் என்றும் தோன்றியது. தேடித் தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. இன்ஸாப் மனதார அப்படித்தான் நம்பினான்.

அதற்குள் அவன் வீட்டுக்கு போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"அஸ்கா, வாப்பாட பைக்குல என்ன பூசின?"

"நான் பூசல்ல வாப்பா."

"பொய் செல்லாத."

"நான் இல்ல வாப்பா." குரல் உடைந்து அழுகை வந்தது.

"பொய் செல்லாத எண்டு சென்னன்."

பதினொரு வருடத்தில் இன்ஸாப் ஒருவரைச் சந்தேகப்பட்டு சுடலைமுத்து பார்த்ததே இல்லை. இப்போது பெற்ற பிள்ளையையே நம்பாமல் அதட்டிக்கொண்டு நிற்கிறான். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எட்டி அவன் கையிலிருந்து போனை வாங்கினார்.

"அஸ்கா, முத்து மாமா பேசுறேன். நீ பூசலம்மா. பூசினது நான்தான்."

அந்தப் பக்கம் அழுகை நின்றது.

"மாமா பொய் செல்றீங்களா?"

"நெசந்தாம்மா. திங்கக்கிழமை கன்டீன்ல எல்லார்கிட்டயும் சொல்வேன்" என்றார் சுடலைமுத்து, இன்ஸாப்பின் முகத்தைப் பார்க்க முடியாமல்.