பச்சைப் புள்ளி

கம்பெனி பஸ்ஸில் எனக்கு 'அல்லேலூயா அக்கா' என்று பெயர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போய்ச் சேரும்வரை பாடிக்கொண்டே போவேன். கிண்டல் என்று தெரியும். தெரிந்தும் அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. நான் விசுவாசி என்று பஸ்ஸுக்கே தெரிகிறதே என்கிற பெருமை. இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

எங்கள் வேலை கடைசிச் சோதனை. காருக்குப் போகிற இரும்பு பிராக்கெட் ஒவ்வொன்றிலும் நான்கு நட்டும் வெல்டிங் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் பெயிண்ட் மார்க்கரால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு கலர். எனக்கு மஞ்சள். பக்கத்து மேஜைக்காரிக்குப் பச்சை. அவள் எங்கள் காலனியில் அடுத்த தெரு, அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீட்டுப் பெண். என்னைவிட ஆறேழு வயது சின்னவள். என் சாப்பாட்டு டப்பாவில் பாதியை அவள்தான் தின்பாள். அவளுடையதில் பாதி எனக்கு.

ஒரு நாள் மத்தியானம் என் மார்க்கர் காய்ந்துபோனது. ஸ்டோருக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுப் புதிது வாங்கச் சோம்பல். அவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். அவள் மேஜையிலிருந்து பச்சையை எடுத்து, என் ட்ரேயில் இருந்த அத்தனைக்கும் வைத்துவிட்டேன். பார்த்துப் பார்த்து வைத்தேன் என்று சொல்ல மாட்டேன். கைதான் புள்ளி வைத்தது, கண் கடிகாரத்தில் இருந்தது. அவள் வருவதற்குள் மார்க்கரை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து கார் கம்பெனியிலிருந்து ஒரு பிராக்கெட் திரும்பி வந்தது. அதில் மூன்று நட்டுதான் இருந்தது. பக்கத்தில் பச்சைப் புள்ளி.

காலை மீட்டிங்கில் எங்களை வரிசையாக நிறுத்தி, சூப்பர்வைசர் அதை அவள் கையில் கொடுத்தார்.

"உன் மார்க்தானே?"

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கலரு என்னுதுதான் சார். ஆனா நான் பாக்காம உடல சார்."

யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று அவர் பொதுவாகக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சபையில் இரண்டு கையையும் தூக்கித் துதிக்கிறவள் நான். அன்று ஒரு கை காது உயரத்துக்குக்கூட எழும்பவில்லை. குனிந்து என் சேஃப்டி ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. காண்ட்ராக்ட் ஆளுக்கு லெட்டரெல்லாம் கிடையாது, வர வேண்டாம் என்றால் அவ்வளவுதான். எனக்குப் பயம் இருந்தது உண்மை. என் அப்பா அம்மா கடைசிவரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் வீட்டில் யூனிஃபார்ம் போட்ட முதல் ஆள் நான். ஆனால் அவள் வீட்டிலும் அதே கதைதான். அதனால் இதையெல்லாம் சாக்காகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். முதல் வாரம் எனக்குக் குறுகுறுக்கவே இல்லை, அப்பாடா என்றுதான் இருந்தது. அதுதான் கேவலம். பஸ்ஸில் பாடினேன். சபையில் இன்னும் சத்தமாகப் பாடினேன். தெருவில் அவளைக் கண்டால் மட்டும் சுற்றிக்கொண்டு போனேன். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்பது எங்கள் ஆட்களுக்கும் சேர்த்துச் சொன்ன பழமொழிதான்.

எங்கள் சபை வாசலில் ஜெப விண்ணப்பப் பெட்டி ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் சீட்டு எழுதிப் போடலாம், பெயர் எழுத வேண்டியதில்லை. பரீட்சை, பெண்ணுக்கு வரன், புருஷன் குடி என்று எல்லா மதத்துக்காரர்களும் போடுவார்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அவற்றை மைக்கில் படித்து ஜெபத்தை நடத்துவது என் ஊழியம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஒரு சீட்டை எடுத்தேன்.

"ஒருத்தங்க உண்மைய சொல்ல பயப்படறாங்க. அவங்களுக்கு தைரியம் கிடைக்க ஜெபம் பண்ணுங்க."

குரலை ஏற்றி இறக்கிப் படித்தேன். ஒரு சகோதரி என்று நானாகவே சேர்த்துக்கொண்டேன். "ஆண்டவரே, அந்தச் சகோதரியின் நாவைக் கட்டியிருக்கிற பயத்தை அகற்றும்" என்று கையை ஓங்கி ஜெபித்தேன். சபையே கண்ணை மூடிக்கொண்டு கூடவே கதறியது. அந்தச் சத்தத்தில் சீட்டை மடிக்கத் திருப்பினேன். பின்பக்கம் அச்சடித்த கட்டங்கள். எங்கள் கம்பெனி செக் ஷீட்டில் கிழித்த துண்டு. இந்தக் காலனியிலிருந்து அந்தக் கம்பெனிக்குப் போனது நானும் அவளும்தான்.

தலைசுற்றுகிறது என்று மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். உபவாசம் அல்லவா, நம்பினார்கள். அதுவும் பொய்.

எல்லோரும் போன பிறகு பாஸ்டர் அம்மாவிடம் மொத்தத்தையும் சொன்னேன். அழுகையில் பாதி அவருக்குப் புரிந்திருக்காது.

"ஆண்டவர் என்ன மன்னிப்பாராம்மா?" என்றேன்.

"அவரு மன்னிப்பாரு. அவர்கிட்ட மட்டும் கேட்டுகினு ஊட்டுக்குப் போயிடலாம்னு பாக்கறியா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் தலையில் கை வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

சனிக்கிழமை காலை மீட்டிங்கில் கையைத் தூக்கினேன். "சார், அந்தப் பச்சைப் புள்ளி நான் வச்சது."

"இப்ப எதுக்கும்மா இத்த கிளறுற? அது முடிஞ்சு போச்சி."

"முடியல சார்."

வரிசையில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. அன்றே என்னைச் சோதனை மேஜையிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போட்டார்கள். இனி மார்க்கர் கிடையாது. அவளைத் திரும்ப வரச் சொல்லி ஆபீசிலிருந்து ஃபோனும் போட்டார்கள். அவள் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. கலரு என்னுது, வச்ச எடம் உன்னுது. நான் நடுவுல வைப்பேன், நீ ஓரமா வைப்ப."

"அப்ப அங்கயே ஏன்டி சொல்லல?"

"நீ சொல்லுவன்னு பாத்துகினே இருந்தேன்."

என் ஆயுசில் யாரும் என்னை அப்படி அடித்ததில்லை. அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். மன்னித்துவிடு என்பதைச் சத்தமில்லாமல்தான் சொல்ல முடிந்தது.

"மன்னிக்காமத்தான் உனக்கோசரம் உங்க கோயில்ல சீட்டு போட்டனா?" என்றாள். கொஞ்ச நேரம் கீரையை ஆய்ந்தாள். "கோவமும் இருக்குதுக்கா. ரெண்டும் இருக்குது. எம்பேரு சுத்தமாச்சி, அது போதும். அந்த வரிசைல திரும்பிப் போயி நிக்க என்னால ஆவாது."

அந்த வரிசையை அவளுக்கு அப்படி ஆக்கியது நான்தான். மன்னிப்புக் கிடைத்த பிறகுதான் வெட்கம் முழுசாக வந்தது. அதுவரை இருந்தது மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் மட்டுமே என்று அப்போதுதான் தெரிந்தது. எழுந்து வரும்போது, "எதனா துண்ணியா?" என்று கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுநாள் ஞாயிறு. சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். வழக்கமாக எனக்கு மைக் தேவைப்படாது, அன்று மைக்கிலும் குரல் எழும்பவில்லை.

"வெள்ளிக்கிழமை ஒரு சகோதரிக்குத் தைரியம் குடுங்கன்னு எல்லாரும் ஜெபம் பண்ணமே. அந்தச் சகோதரி நான்தான்."

மீதியையும் சொல்லி முடித்தேன். பின்வரிசையில் யாரோ ஒருவர் மெதுவாக ஸ்தோத்திரம் என்றார். பிறகு இன்னொருவர். பிறகு கைதட்டலும் பாட்டும் எழுந்தன. என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. ஆனால் உள்ளே ஒரு சந்தோஷம் பொங்கியது, அடக்க முடியவில்லை. குனிந்துகொண்டே நானும் பாடினேன், முதல் தடவையாக, யாருக்குக் கேட்கிறது என்று பார்க்காமல்.