முட்டைச் சூரியன் போட்ட பனியன்

கண்ணுகளா, வீட்டில் நான் போட்டுக்கொள்ளும், சூரியன் படம் அச்சடித்த மஞ்சள் பனியனைப் பார்த்து, "அப்பா, உங்க சூரியன் ஏன் முட்டையாட்டம் நிக்குது?" என்று சிரிக்கிறீர்களே, அந்தச் சூரியனை முட்டையாக்கியது நான்தான். பத்தாவதோடு நின்றவன், தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனியில் நான் செக்கிங் மாஸ்டர். பனியனில் அச்சடிக்கும் படங்களைக் கம்ப்யூட்டரில் வரைவது திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. இரண்டு வருஷம் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவள், தானாகப் படித்து அந்த நாற்காலிக்கு வந்தாள். அவளுக்கு லினக்ஸ் போட்ட புது லேப்டாப் கொடுத்திருந்தார்கள். எதிரே நிற்பவர்களுக்கும் படம் தெரியட்டும் என்று, மூலையில் கிடந்த பழைய சதுர மானிட்டரை அதில் மாட்டினார்கள்.

மாட்டிய அன்று நான் போய்ப் பார்த்தேன். லேப்டாப்பில் அவள் வரைந்திருந்த சூரியன் படுத்த பூசணிக்காய் மாதிரி இருந்தது. இஞ்ச் டேப்பை எடுத்துத் திரையிலேயே வைத்தேன். உயரம் மூன்று, குறுக்கே நான்கு.

"அம்மிணி, இது வட்டமா? அகலத்தக் கொறைங்க."

"சதுர மானிட்டர்ல வட்டமாத்தான இருக்கு அண்ணாச்சி?"

"அது பழசுங்க, அதுக்குக் கண்ணு மங்கிப் போச்சு. புதுச நம்புங்க. டேப்பு பொய் சொல்லுமா?"

அவள் குறைத்தாள். லேப்டாப்பில் வட்டம் வந்தது. மானிட்டரில் ஒல்லியாய் நின்றது. நான் அந்தப் பக்கம் டேப்பைக் கொண்டுபோகவே இல்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு காலையில், அச்சடித்த சாம்பிள் வந்தது. மேனேஜர் அதைத் தூக்கிக் காட்டினார்.

"இது சூரியனா, கோழி போட்டதா? ஏனுங்க மாஸ்டர், நாளையிலிருந்து அந்தப் புள்ள மறுபடியும் பிசிறு வெட்டட்டும்."

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். சொல்லவில்லை. அகலத்தைக் குறைக்கச் சொன்னது நான்தான் என்று நானும் சொல்லவில்லை கண்ணுகளா.

அவர் தன் அறைக்குப் போனதும் நேராகக் கம்ப்யூட்டரிடம் போனேன். படத்தைத் திறக்கச் சொல்லி, இந்தத் தடவை பழைய மானிட்டரில் டேப்பை வைத்தேன். அச்சில் வந்த அதே முட்டை. "கேபிளக் கழட்டிப் பாருங்க அம்மிணி" என்றேன். கழற்றியதும் லேப்டாப் ஒரு நொடி கறுத்துத் திரும்பி வந்தது. அதிலும் முட்டை.

"ரெண்டுலயும் ஒரே படம் தெரியட்டும்னு மிரர்ல வச்சிருக்கோம் அண்ணாச்சி. கேபிள் மாட்டுனதும் லேப்டாப்பு அந்தச் சதுர மானிட்டர் அளவுக்கு எறங்கிட்டு, அகலத் திரைய ரொப்புறதுக்குப் படத்த இழுத்துருக்கு."

கேபிளைத் திரும்ப மாட்டி, திரை அமைப்பில் மிரரை எடுத்துவிட்டு, இரண்டுக்கும் அதனதன் அளவைத் தனித்தனியாக வைத்தாள். படத்தையும் பழையபடி மாற்றினாள். எந்தத் திரையில் டேப் வைத்தாலும் குறுக்கும் உயரமும் ஒன்று.

"அன்னைக்கே சொன்னேன்லா" என்றாள். கோபமாகக்கூட இல்லை.

மேனேஜர் அறைக் கதவைத் தட்டினேன். "அகலத்தக் கொறைக்கச் சொன்னது நானுங்க. அந்தப் புள்ள வட்டமாத்தான் இருக்குன்னு சொல்லுச்சுங்க."

அவர் கணக்கு நோட்டிலிருந்து நிமிர்ந்தார். "அப்ப உங்களத்தான் பிசிறு வெட்ட அனுப்போணும்."

"அனுப்புங்க, எனக்குக் கத்திரி பழக்கந்தானுங்க."

சிரித்துவிட்டார். "சரி போங்க. அந்தப் புள்ள அங்கயே இருக்கட்டும். சாம்பிள மறுக்கா அடிக்கச் சொல்லுங்க."

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு, கழித்த சாம்பிளை எடுத்தேன். அதில் கட்டியிருந்த சீட்டில், தவறு நடந்த இடம் என்பதற்கு நேரே 'கம்ப்யூட்டர்' என்று காலையில் எழுதியது என் கைதான். அதை அடித்துவிட்டு 'செக்கிங்' என்று எழுதினேன். பனியனை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, சீட்டை மேனேஜர் மேசைமேல் வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன்.