கீழறை ரொஹாயா

வெட்டி எடுத்த ஒரு காலை மண்ணுக்குக் கொடுத்த அன்றுதான் ரொஹாயா என்ற பெயரை முதலில் கேட்டேன். கால் என் சித்தி மகள் சபியாவின் புருஷன் மாட் ஜின்னுடையது. மாட் ஜின் படகுக்காரர்; எலும்பில் கட்டி வந்து காலை எடுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உயிரோடுதான் இருந்தார். எங்கள் தும்பாட் ஊரில் உடம்பிலிருந்து பிரிந்ததைக் குப்பைக்கு விடுவதில்லை. கழுவி, வெள்ளைத் துணி சுற்றிக் குழியில் வைக்கிறோம். குழி வெட்டும் பாக் சு சாலே, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை ஓடிய தையலைத் தடவிப் பார்த்தார்.

"ரொஹாயா தையல். அறுத்துப் பாத்துட்டு மூடித்தான் அனுப்பும் அந்தப் பொண்ணு. ஒரு நூல் தொங்காது."

ரொஹாயா டாக்டர்தான், நோயாளியைப் பார்க்கிற டாக்டர் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியின் கீழறையில் இருந்துகொண்டு, எலும்பிலும் சதையிலும் அபூர்வமாக முளைக்கிற கட்டிகளை வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்க்கிறவர். பிறகு சில வருஷம் அங்கே தரை துடைத்திருக்கிறேன். நுண்ணோக்கியில் குனிவதற்கு முன்னால் தகட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொள்வார். "எத்தன வயசு? எந்த எலும்பு? அதுல எந்த முனை?" இது தெரியாமல் வாய் திறக்க மாட்டார். பேரை மட்டும் கேட்பதில்லை.

கல்யாண வீட்டில் அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும். முகத்தைப் பார்க்க மாட்டார், நடையைப் பார்ப்பார். கோழி எலும்பைக் கடித்து உடைத்து, உள்ளே பார்த்துவிட்டுத்தான் தட்டில் வைப்பார். "டாக்டர், சோத்தப் பாருங்க, என் முட்டிய விடுங்க" என்று கிண்டல் செய்கிறவளும் சாரோங் கைலியை இழுத்து முட்டியை மூடிக்கொள்வாள்.

போன வருஷம் என் அண்ணன் மகன் அவாங்கின் மகள் மெலூருக்குத் தொடையில் கல் மாதிரி ஒரு வீக்கம் வந்தது. பதினாறு வயசுப் பிள்ளை. ஆஸ்பத்திரியில் வீக்கத்திலிருந்து துண்டெடுத்துப் பார்த்தவர்கள் கெட்ட கட்டி என்றார்கள். கால் போகவேண்டும், இல்லாவிட்டால் ஆள் போய்விடும். அவாங் பாக் சுவிடம் காலுக்குக் குழி வெட்டவும் சொல்லிவிட்டான். அதற்குள் அந்தத் துண்டின் கண்ணாடித் தகடு ரொஹாயாவின் மேசைக்கும் போயிருந்தது.

மறுநாள் மதியம் ரொஹாயா அவாங்கின் வீட்டுக்கே வந்து நின்றார். உயிரோடு இருக்கிறவர்களைத் தேடி அவர் வந்ததாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. மெலூரின் அம்மா வாயில் துணியை அடைத்துக்கொண்டாள். ரொஹாயா பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, தொடையில் உள்ளங்கையை வைத்து, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதைக் கேட்கிற மாதிரி அசையாமல் இருந்தார்.

"இங்க அடி பட்டுச்சா?"

"இல்ல, டாக்டர்."

"நோன்புக்கு முன்னாடியோ, பின்னாடியோ?"

மெலூர் அவாங்கைப் பார்த்தாள்.

"அப்பாவ ஏன் பாக்குற? உன் கதை எனக்கு வேணாம். மோதுச்சா, இல்லையா?"

"பைக்ல பின்னாடி உக்காந்து போனேன். விழுந்துட்டோம். ஹேண்டில் குத்துச்சு."

"யார் பைக்கு?" அவாங் எழுந்துவிட்டான்.

"அத அப்புறம் கேளுங்க, அவாங். பிள்ள ரெண்டு கால்ல நிக்கறப்போ கேளுங்க."

அடிபட்ட சதைக்குள் சில சமயம் எலும்பு ஊறுமாம். நடுவில் கிள்ளிப் பார்த்தால் கெட்ட கட்டி மாதிரியே காட்டுமாம். "கெட்டது நடுவுலதான் இறுகும். இது ஓரத்துல இறுகும், முட்ட ஓடு மாதிரி" என்றார். அன்றே கூட்டிப்போய்ப் புது எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். வீக்கத்தைச் சுற்றி வெள்ளையாய் ஒரு வளையம். கத்தியை வைக்கவில்லை.

குழி மட்டும் திறந்து கிடந்தது. "வெட்டின குழிய சும்மா மூடக் கூடாது. அது காத்துக்கிட்டே இருக்கும்" என்றார் பாக் சு. மெலூரின் கால் நீளத்துக்கு ஒரு வாழைமரத்துண்டு வெட்டி, வெள்ளைத் துணி சுற்றினார்கள். நீர் சொட்டச் சொட்ட அவாங் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். ஜன்னலில் நின்ற மெலூர் இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துக்கொண்டாள்.

"கனமா இருக்காப்பா?"

அவாங் அதைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தான்.

மெலூருக்கு வீக்கம் வற்றிவிட்டது, நடக்கிறாள். ரொஹாயா அதே ஆஸ்பத்திரியில், கீழறையில் இருக்கிறார்.