அப்பா பாட்டுக்கு வந்த கமெண்ட்டுகள்

என் தம்பியின் ஆல்பம் வெளிவந்த அன்று காலை, அது முழுதாக ஒருமுறை ஓடி முடியும் முன்பே ஒருத்தர் அடியில் "வேஸ்ட்" என்று எழுதிவிட்டார். பல வருடமாக இந்த ஆல்பத்துக்காகக் காத்திருந்த ஆளாம். இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்து கடைசிப் பாட்டுவரை கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மேஜை டிராயரைப் பாதி இழுத்து, அதற்குள் போனை வைத்து, ஒவ்வொரு கமெண்ட்டாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

தம்பி ராப் பாடுகிறவன் இல்லை. ராப் பாடுகிறவர்களுக்குப் பின்னால் ஓடும் இசையைச் செய்கிறவன். பீட் போடுவது என்பார்கள். ஆவடியில் அப்பா வேலை பார்த்த பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு இருந்தது ஒரே படுக்கையறை. அதைப் பிடுங்கிக்கொண்டான். ஜன்னலில் பழைய மெத்தையைச் சாத்தி, ஸ்டுடியோ என்று சொன்னான். நான் வேலைக்குப் போன பிறகும் ஹாலில்தான் படுத்தேன். பூந்தமல்லி, கரையான்சாவடி, அம்பத்தூர் என்று எங்கெங்கிருந்தோ பையன்கள் வந்து அந்த அறையில் உட்கார்ந்து தங்கள் வயிற்றெரிச்சலையெல்லாம் கொட்டிப் பதிவு செய்துவிட்டு, அம்மா கையால் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பாட்டு அவர்கள் பெயரில் வரும். எல்லாப் பாட்டின் அடியிலும் யாராவது ஒருத்தர் "அண்ணா, உங்க சொந்த ஆல்பம் எப்போ?" என்று கேட்டிருப்பார். "வரும்" என்று இவன் எழுதுவான். வருடக்கணக்கில் இதே கூத்து.

வந்தது. வந்ததும் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். "பீட் நெருப்பு, ராப் தண்ணி." "இதுக்கா இவ்ளோ பில்டப்பு?" "அண்ணாத்தே, நீ பீட்டு போடு, பாட வேற ஆளுங்க கீறாங்க." மூன்றாவது பாட்டில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்கிறது என்று ஒரு காதுக்காரர். இசை வேண்டுமென்றால் அவன் கெட்டிக்காரன், வாயைத் திறந்தால் முட்டாளா? அன்றைக்கு முழுக்க நான் அவன் பக்கம்தான் இருந்தேன். பொய்ப் பெயரில் இரண்டு மூன்று பேரிடம் சண்டைகூடப் போட்டேன்.

ஆனால் திட்டியவர்கள் எல்லாருமே கடைசியில் ஒரு விஷயத்தில் ஒன்றாக இருந்தார்கள். "அந்த அப்பா பாட்டு மட்டும் வேற லெவல்." "அப்பா பாட்டு கேட்டு அழுதுட்டேன்." "மத்ததெல்லாம் நடிப்பு, அப்பா பாட்டு மட்டும்தான் நெஜம்." அப்படி என்னதான் பாடியிருக்கிறான் என்று பெருமையாகவே இருந்தது. சாயங்காலம் அம்பத்தூரில் ரயில் ஏறி, இயர்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டைப் போட்டேன்.

தெருமுனையில் அப்பனின் செருப்புச் சத்தம் கேட்டாலே சோத்துப் பானை பயப்படும் என்று ஆரம்பிக்கிறது. குடித்துவிட்டு வருகிற அப்பன், கொதிக்கிற பானையைத் தூக்கிக் கால்வாயில் எறிகிறான். அம்மாவை அடிக்கிறான். அம்மாவின் தாலியை அடகு வைத்து அதையும் குடிக்கிறான். பாட்டு ஓடும்போது திரையில் நிற்கிற படம் எங்கள் அப்பாவுடையது. தொழிற்சாலைச் சட்டையில், மீசையோடு, சின்ன வயசு அப்பா. பாட்டு நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். நன்றாக இல்லாமலிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

எங்கள் அப்பா குடித்ததில்லை. ஒரு சொட்டு இல்லை. ஆயுத பூஜைக்குப் பிறகு செக்‌ஷன் ஆட்கள் சேர்ந்து விருந்து வைத்தால், மற்றவர்கள் கிளாஸை எடுக்கும்போது இவர் மோர் கேட்பார். அதற்காக அவருக்கு மோர் என்றே பட்டப்பெயர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். சத்தம் போட்டுப் பேசக்கூட மாட்டார். எங்களை அடிக்க வேண்டியிருந்தால் அதை அம்மாவிடம் விட்டுவிடுவார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் 'கீது' என்றோ 'இன்னா' என்றோ பேசியதில்லை. அம்மா இன்றைக்கும் "ஏல" என்றுதான் அவனைக் கூப்பிடுகிறாள். ஆல்பம் முழுக்க அவன் பேசுகிற மெட்ராஸ் பாஷை, அந்த அறைக்கு வந்துபோன பையன்களிடமிருந்து பொறுக்கியது. அதையும் "மண்ணின் மொழி" என்று ஒருத்தர் மெச்சியிருந்தார்.

குவார்ட்டர்ஸில் எதுவும் மூடிக் கிடக்காது. வார முடிவுக்குள் எல்லார் வீட்டிலும் அந்தப் பாட்டு ஓடிவிட்டது. முப்பது வருடத்துக்கும் மேலாக அப்பாவோடு ஒரே கேட்டில் நுழைந்தவர்கள், இது பொய் என்று முதலில் சொல்வார்கள் என்று நினைத்தேன். "வெளிய மோரு, ஊட்டுக்குள்ள இன்னாவோ, யாரு கண்டா?" என்றார்கள். அவர் குடிக்காததே நடிப்புக்குச் சாட்சி ஆகிவிட்டது. பால் வாங்கப் போன அம்மாவின் கழுத்தை ஒரு பெண் உற்றுப் பார்த்துவிட்டு, "எப்படித்தான் பொறுத்துக்கிட்டீங்களோ" என்று கையைப் பிடித்துக்கொண்டாளாம். அதிலிருந்து அம்மா தாலிச் சங்கிலியைப் புடவைக்கு மேலே எடுத்துவிட்டுக்கொண்டு போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்தான். அவன் அதற்குள் அம்பத்தூரில் வேறு அறை எடுத்திருந்தான். செருப்பைக் கழற்றும் முன்பே அம்மா பிடித்துக்கொண்டாள்.

"ஏல, உங்கப்பா எப்பல என் தாலிய அடகு வச்சாரு?"

"அம்மா, அது ஒரு கேரக்டர்மா. நம்ம அப்பான்னு நான் எங்கயும் சொல்லல."

"அப்போ அந்தப் போட்டோ யாரோடதுடா?" என்றேன் நான்.

அவன் சோபாவில் உட்கார்ந்து அதன் நூலைப் பிய்த்துக்கொண்டே, "ராப்புன்னா வலி வேணும்க்கா. இல்லன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான். நம்ம வீட்ல என்ன வலி இருந்துச்சு, நீயே சொல்லு" என்றான். என்னவோ நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவனுக்கு வலி கொடுக்காமல் ஏமாற்றிவிட்ட மாதிரி கேட்டான். ஓங்கி அறைந்திருப்பேன். அப்பா உள்ளே இருந்து வந்து, "பாட்டு நல்லாத்தான இருக்கு. விடுங்க" என்று சொல்லிவிட்டு, அவனுக்குத் தோசை வார்க்கச் சொன்னார்.

நான் விடவில்லை. அன்றே என் சொந்தப் பெயரில் எழுதினேன்: நான் இவனுடைய அக்கா. எங்கள் அப்பா குடித்ததில்லை. அம்மாவை அடித்ததில்லை. இந்தப் பாட்டில் வருவது எதுவும் எங்கள் வீட்டில் நடக்கவில்லை. அவ்வளவுதான் எழுதினேன். கேட்டவர்கள் என்மேல் பாய்ந்துவிட்டார்கள். குடும்ப மானத்துக்காக உண்மையை மூடுகிற பெண்களால்தான் நாடு இப்படி இருக்கிறது என்றார் ஒருத்தர். பொண்ணுங்க அப்பாவை விட்டுக்கொடுக்க மாட்டாங்க என்று இன்னொருத்தர் இதயம் போட்டார். பொறாமை என்றார்கள். நிஜ அக்காதானா என்று கேட்டார்கள். நான் பிறந்து வளர்ந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை, ஆவடி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாதவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மறுநாள் பார்த்தால் என் கமெண்ட் காணவில்லை. தம்பி தூக்கிவிட்டிருந்தான்.

அந்தக் கால்வாயும் பானையும் எங்கிருந்து வந்தன என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. கரையான்சாவடியில் போன் பழுது பார்க்கும் கடையில் ஒரு பையன் வேலை செய்கிறான். பையன் என்று சொல்கிறேன், கல்யாணம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டு அறையில்தான் அவன் முதல் பாட்டைப் பதிவு செய்தான். கண்ணாடி உடைந்த என் போனை அவனிடம் கொடுக்கப் போயிருந்தேன். பாட்டைப் பற்றி நானேதான் பேச்சை எடுத்தேன்.

"அக்கா, அது எங்க நைனா" என்றான், போனைத் திறந்துகொண்டே.

"என்னப்பா சொல்ற?"

"பானைய கால்வாயில வீசுனது, அம்மா தாலிய வச்சிக் குடிச்சது, அல்லாமே எங்க நைனாதான். உங்கூட்டு ரூம்புல குந்திகினு ஒருநாள் சொன்னேன். எனக்கு அத்த எழுத வரல. அழுகதான் வந்துச்சு. அவன் மைக்க ஆஃப் பண்ணாம கேட்டுகினே இருந்தான்."

"உனக்குக் கோவம் வரலையா?"

"வந்துச்சு. இன்னா பண்ண சொல்ற? அது எங்க நைனான்னு நான் போயி கமெண்ட்டு போட்டா, எங்கம்மா பாக்கும். இப்போதான் அது நாலு எடத்துக்குத் தல நிமிந்து போய்கினு வருது." ஒரு சின்ன ஸ்க்ரூவைத் தட்டில் போட்டுவிட்டு, "பாட்டு நல்லா கீதுக்கா. அதான் கஷ்டமா கீது" என்றான்.

ஊரெல்லாம் கருத்துச் சொன்னார்கள். சொல்ல உரிமை இருந்த ஒரே ஆள் இப்படி ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தான்.

அடுத்த மாதம் அப்பா ஓய்வு பெற்றார். ஓய்வு பெறுகிறவரைக் கடைசி நாளில் மாலை போட்டு, திறந்த ஜீப்பில் ஏற்றி, தொழிற்சாலை கேட்டிலிருந்து குவார்ட்டர்ஸ்வரை மேளத்தோடு கூட்டி வருவார்கள். பிறகு சமுதாயக் கூடத்தில் பாராட்டு. எத்தனையோ பேருக்கு ஜீப்பின் முன்னால் அப்பா நடந்து போயிருக்கிறார். அவர் முறைக்காக ஒரு வெள்ளைச் சட்டை தைத்து வைத்திருந்தார். ஜீப் கூடத்து வாசலில் நின்றது. அப்பா ஒரு காலைக் கீழே வைத்தார். அப்போது மைக் செட்டில் பாட்டு ஆரம்பித்தது. செருப்புச் சத்தம், சோத்துப் பானை.

கெட்ட எண்ணத்தில் போடவில்லை. குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் மரியாதை செய்வதாக நினைத்துப் போட்டார்கள். அவர் மகனே பாடிய அப்பா பாட்டு, அப்பாவுக்கான நாள், இதைவிடப் பொருத்தம் என்ன இருக்கிறது? பாட்டு முடியும்வரை அப்பா கழுத்து நிறைய மாலையோடு வெயிலில் நின்றார். மேடையில் பேசிய செக்‌ஷன்காரர், "சாருக்கு இப்படி ஒரு பக்கம் இருந்துச்சுன்னு நமக்குத் தெரியாது. அந்தப் பழக்கத்துல இருந்து மீண்டு வந்தாரே, அதுதான் பெரிய சாதனை" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் தம்பி உட்கார்ந்திருந்தான். அவனோடு படம் எடுக்கப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

அப்பா ஏற்புரைக்கு எழுந்தார். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். இப்போது சொல்லிவிடுவார், எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். மைக்கை ஒருமுறை தட்டிப் பார்த்தார். எல்லாருக்கும் நன்றி சொன்னார். "எம் பையன் பாட்டு போட்டீங்க, சந்தோசம். அதுல உள்ளதெல்லாம் நடந்ததுதான். அவன் பொய் சொல்ல மாட்டான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். தம்பி மேடைக்கு ஓடி அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதான். நிஜமாகவே அழுதான். இருட்டுவதற்குள் அந்தப் பேச்சை யாரோ எடுத்த வீடியோவாகப் போட்டு, மேலே 'என் ஹீரோ' என்று எழுதினான். "தப்ப ஒத்துக்கிட்டாரு பாரு, அதான் மனுசன்." "இப்போ ஆல்பத்த திரும்பக் கேட்டேன், முழுசா புரியுது." ஆல்பம் வந்த அன்று காலையிலேயே "வேஸ்ட்" என்றவர்கூட வந்து மன்னிப்புக் கேட்டிருந்தார். ஆல்பம் பிழைத்துக்கொண்டது.

"ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன்.

"இல்லன்னு சொன்னா அத்தன பேரு முன்னால அவன் பொய்க்காரன் ஆயிருவாம்லா. எனக்கு இன்னியோட சர்வீஸ் முடிஞ்சுட்டு. அவனுக்கு இப்பத்தான ஆரம்பிக்கு."

அவனை எனக்கு வெறுக்கத் தெரிகிறது. அப்பாவை என்ன செய்வது? அவர்மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இன்றுவரை தெரியவில்லை.

குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகு ஆவடியிலேயே, சிநேகிதர்கள் இருக்கும் தெருவில் வீடு பார்ப்பதாகத்தான் ரொம்ப நாளாகப் பேச்சு. அப்பா திடீரென்று வானகரம் பக்கம் பார்க்கலாம் என்றார். பைபாஸ் பக்கத்தில் புதிதாக வந்த தெரு, எல்லாரும் வெளியிலிருந்து வந்தவர்கள், ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. வீடு பிடித்திருந்தது. சாவி வாங்க அப்பாவும் நானும் போனோம். வீட்டுக்காரர் உள்ளூர்க்காரர், முன்பு அங்கே விவசாயம் செய்த குடும்பம். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"ஒண்ணு கேக்கணும் சார், தப்பா நெனச்சிக்காதீங்க. எம் பையன் உங்க வீடியோவக் காட்டுனான். இப்போ அந்தப் பழக்கம் ஒண்ணும் இல்லியே? மேல எங்க ஊடு. பொம்பளப் புள்ளைங்க கீறாங்க."

நான் வாயைத் திறந்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இல்லீங்க" என்றார். "விட்டுட்டேன். ரொம்ப நாளாச்சு."

வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டுச் சாவியை நீட்டினார். அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.