பூஜை அறையில் இருந்த சாவி

ஆரியசாலையில் சின்ன வெங்காய லாரி கவிழ்ந்து, எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் வாரம் முழுக்க உள்ளி சாம்பாரே மணந்ததல்லவா, அந்த வாரம்தான் கரமனையிலிருந்து விசாலம் மாமி ஃபோன் செய்தார். (துண்டில் கொஞ்சம் நானும் அள்ளினேன். லாரிக்காரனுக்கு உதவியாகத்தான் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.)

மாமி, நான் மிஷின் ஓட்டிய அச்சாபீஸ் முதலாளியின் மருமகள். அந்த வீட்டில் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் இதை நான் எதற்காக எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும். சதாசிவன் என்று ஓர் ஆள். எங்கள் பிரஸ்ஸில் எழுத்து கோர்க்கிற கம்பாசிட்டர். ஐம்பது வருஷத்துக்கு முன்னால், நான் ஒரு சாவியைத் தொலைத்துவிட்டேன் என்று எல்லார் முன்னாலும் என்னைத் திட்டினான். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. அவனுக்கு ஒரு செய்தி போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான்.

மாமி ஃபோனில் சொன்னது இது: “மிஷின்காரரே, நாங்க இந்த ஆத்தை விட்டுட்டு ஃப்ளாட்டுக்குப் போறோம் கேட்டேளா. ஒரு டின் நெறைய இரும்பு கெடக்கு. பழைய இரும்பு எடுக்கற ஆக்கிரிக்காரன் நாளைக்கு வருவான். ப்ரெஸ்ஸோடது எது, மத்தது எதுன்னு நீங்க வந்து சொல்லிட்டா உபகாரமா இருக்கும்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னைக் கூப்பிட்டு யாரும் எதையும் கேட்டுப் பல காலமாகிறது. என் மருமகள் கூட ரேஷன் கடை திறந்திருக்கிறதா என்று என்னிடம் கேட்பதில்லை, பக்கத்து வீட்டில் கேட்கிறாள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பழவங்காடியில் போய் நின்றேன். பஸ் போர்டை வாசிப்பதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. நான் நாலாம் கிளாஸோடு நின்றவன். எழுத்தை எழுத்தாகப் பார்த்ததே பிரஸ்ஸில்தான், அங்கே ஈயத்தில் அது கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பியிருக்கும். இன்றைக்கும் நேரான எழுத்தைப் பார்த்தால் ஒரு நிமிஷம் தயங்கும். அன்றும் தயங்கினேன். கரமனை பஸ் என்று ஏறி, அது வேறெங்கோ போகிற பஸ் என்று கண்டக்டர் இறக்கிவிட, மறு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன்.

டின்னைத் திறந்ததும் வந்ததே ஒரு வாசனை, மண்ணெண்ணெயும் மையும் கலந்தது! நாங்கள் கை கழுவுவது மண்ணெண்ணெயில்தான். எனக்குக் கல்யாணமான புதிதில் சோறு பிசைந்து ஒரு வாய் வைத்துவிட்டு, “அரிசியில மண்ணெண்ணெய் கலந்துட்டான் கடைக்காரன்” என்று மனைவியிடம் கத்தினேன். அவள் என் கையைப் பிடித்து என் மூக்கிலேயே வைத்துக் காட்டினாள்.

மாமி நாற்காலி போட்டார். நான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். காகிதத்தைப் பிடிக்கிற நீளக் கம்பி, கிரிப்பர் என்போம், அது சரி. எழுத்தைப் போட்டு இறுக்குகிற இரும்புச் சட்டத்தில் பாதி, அதுவும் சரி. பிறகு ஒரு திருகு வந்தது, கட்டைவிரல் தடிமனில். எனக்குக் குரலே மாறிவிட்டது.

“மாமி, இதுதான் மிஷினுக்கு உயிர். அச்சு அழுத்தமா விழணுமா, லேசா விழணுமான்னு இதைத் திருகித்தான் வைக்கணும். என்னத் தவிர ஒருத்தரும் இதத் தொடமாட்டாவ. முதலாளியே தொடமாட்டாரு.”

மாமி எடுத்துப் பார்த்தார். “இது எங்காத்துல சேவை பிழியற நாழியோட திருகுன்னா? மரை போயிடுத்துன்னு நான்தான் டின்னுல போட்டேன்.”

நான் விடவில்லை. அடுத்து ஒரு மிதி கிடைத்தது. மிஷினைக் காலால் மிதித்தே ஓட்டிய காலத்தைப் பற்றி, என் முழங்காலைத் தட்டிக் காட்டிக்கொண்டே ஒரு பிரசங்கம் செய்தேன். மாமி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “தையல் மிஷினோடது. அதுலயே பேரு வார்த்திருக்கே” என்றார். நேரான எழுத்து. நான் வாசிக்கவில்லை.

காப்பி வந்தது. இனி வாயைத் திறப்பதில்லை என்று குடித்துக்கொண்டிருந்தேன். அப்போது மாமி சொன்னார்: “இன்னும் ஒண்ணு இருக்கு. அது ஆக்கிரிக்கு இல்லை. ஸ்வாமி உள்ளில் இருக்கு. இங்கத்த குழந்தேள் பரசுராமரோட மழுன்னு சொல்லும். ஃப்ளாட்டுக்குக் கொண்டுபோறதா, கரமனை ஆத்து ஜலத்துல விடறதான்னு தெரியலை. வந்ததோட அதையும் பாருங்கோ.”

தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். ஒரு சாண் நீளம், மேலே குறுக்கே ஒரு பிடி. தண்டு முழுக்க நூல் சுற்றி, நூலுக்கு மேல் சந்தனம், சந்தனத்துக்கு மேல் சந்தனம். பிடியின் ஒரு கை மட்டும் கொஞ்சம் வளைந்திருந்தது. அதை வளைத்தவன் நான். சுத்தியல் எடுக்கச் சோம்பல்பட்டு அதாலேயே ஆணி அடிப்பேன்.

“மாமி, இது என்னோட சாவி.”

“இதுவும் சேவை நாழியோடது இல்லையே?”

இல்லை. சட்டத்துக்குள் எழுத்தை இறுக்குகிற சாவி. இது இல்லாமல் இறுக்கவும் முடியாது, இறுக்கியதை அவிழ்க்கவும் முடியாது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நவராத்திரியில் பூஜை வைப்புக்குப் பிள்ளைகள் புத்தகம் வைப்பார்கள். நாங்கள் அவரவர் கைச்சாமானை முதலாளி வீட்டுப் பூஜை அறையில் வைப்போம். விஜயதசமி காலையில் அவரவர் சாமானை அவரவரே எடுக்க வேண்டும், மற்றவர் தொடக்கூடாது. அந்த வருஷம் எனக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலையில் படுத்துக் கிடந்தேன். அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வேலைக்குப் போனால் என் சாவியைக் காணவில்லை. இறுக்கிய பக்கம் ஒன்று அவிழ்க்காமல் நிற்கிறது. சதாசிவன் அவசரத்தில் ஒரு ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பினான். சட்டம் நழுவியது. அவன் பாடுபட்டுக் கோர்த்த பக்கம் முழுவதும், ஒவ்வொரு எழுத்தாக, தரையில் சிதறியது.

“எடோ, சாவி எவிடே? ஒரு சாவியைப் பத்திரமா வைக்கத் தெரியாத ஆளு எந்தினாடோ மிஷின் மிதிக்கிறது?” என்று மலையாளமும் தமிழுமாகக் கத்தினான்.

நானா விடுவேன்? “நான் அம்மை போட்டுக் கெடந்தப்போ பூஜைக்கு எம் பேருக்கு ஒரு துருப்பிடிச்ச ஆணியாவது வச்சீராவே? ஒரு ஆளுக்காவது என் ஞாபகம் வந்துச்சா? சாவின்னதும் என்னத் தேடுதீராக்கும்!”

சதாசிவன் வாயைத் திறந்தான், மூடினான், தரையில் உட்கார்ந்து எழுத்து பொறுக்க ஆரம்பித்தான். அவ்வளவு பேசுகிறவனை ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டேன் என்று எனக்குப் பெருமை. இந்தக் கதையை நான் சொல்லாத டீக்கடை ஆரியசாலையில் இல்லை. அதன் பிறகு நாங்கள் பேசியதெல்லாம் சுவரோடுதான். “மை கூடுதலா இருக்கு” என்று அவன் சுவரிடம் சொல்வான். “கண்ணு இருக்கிறவனுக்குத் தெரியும்” என்று நான் மிஷினிடம் சொல்வேன்.

மாமி சொன்னார்: “என் மாமியார் இதைத் தொடவே மாட்டா. வெச்சவா வந்து எடுக்கட்டும்பா. யாரும் வரலை. நானும் வந்த நாள்லேர்ந்து சந்தனம் வெச்சிண்டிருக்கேன். இப்போ வந்தாச்சே, எடுத்துக்கோங்கோ.”

“வச்சது நான் இல்ல மாமி.”

அப்போதுதான் நூலைச் சரியாகப் பார்த்தேன். அதில் முடிச்சே இல்லை. நாங்கள் மிஷின்காரர்கள் எதைக் கட்டினாலும் முடிச்சுப் போடுவோம், ஒன்றுக்கு இரண்டாக. கோர்த்த பக்கத்தைக் கம்பாசிட்டர் கட்டுகிற விதம் வேறு. ஒரு சுற்று மேல் மறு சுற்று ஏறி அழுத்த, கடைசி முனையை உள்ளே செருகிவிடுவான். இழுத்தால் முழுவதும் கழன்று வரும். எங்கள் பிரஸ்ஸில் கம்பாசிட்டர் ஒரே ஆள்தான்.

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. தொலைத்தவன் அவன்! மாமியிடம் நடந்ததைச் சொல்லிச் சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை. “ஒங்க பேருக்கு அவர் வெச்சிருக்கார், இல்லையா?” என்றார்.

ஆமாம், வைத்திருக்கிறான். என் சாமான் மட்டும் பூஜையில்லாமல் இருக்கக்கூடாது என்று எடுத்துப்போய் வைத்திருக்கிறான். அந்த விஜயதசமியில் அவன் மகளை எழுத்தினிருத்த, முதல் எழுத்து எழுதவைக்க, கோயிலுக்குக் கொண்டுபோனான். அந்த அவசரத்தில் என்னிடம் சொல்ல விட்டுப்போயிருக்கும். பிறகு மறந்தே போயிருக்கும். என் பேருக்கு ஓர் ஆணியாவது வைத்தீரா என்று நான் கேட்ட நேரத்தில்தான் அவனுக்கு ஞாபகம் வந்ததோ? எல்லார் முன்னாலும் திட்டியாகிவிட்டது, இனி எப்படிச் சொல்வது என்றுதான் வாயை மூடினானோ? அப்படியானால் நான் டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் திரிந்தது எந்த ஜெயத்தை?

மாமி சாவியை வாழையிலைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார். பிரஸ் இருந்த இடத்தில் இப்போது மொபைலுக்கு உறை விற்கிறார்கள். முதலாளி இல்லை. அந்தச் சண்டையைப் பார்த்த ஒருவரும் மிச்சமில்லை. சதாசிவன் வேலையை விட்டு நெய்யாற்றின்கரைப் பக்கம் போனான் என்று மட்டும் கேள்வி.

சாவியைத் தொலைத்தவன் நீதான் என்று சொல்லியனுப்ப வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன். பழவங்காடி வருவதற்குள் அது, தொலைத்தவன் நான் இல்லை என்று குறைந்தது. வீட்டுப் படியேறும்போது அதுவும் போய்விட்டது.

அதனால் நெய்யாற்றின்கரைப் பக்கம் உங்களுக்கு யாரையாவது தெரியுமானால் கேட்டுச் சொல்லுங்கள். பழைய கம்பாசிட்டர் சதாசிவன், எதற்கும் சுலபத்தில் கோபம் வரும், ஒரு மகள் உண்டு, அவளுக்கே இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். சாவி கிடைத்துவிட்டது, அவன் சுற்றிய நூலை நான் அவிழ்க்கவில்லை என்று மட்டும் சொன்னால் போதும். அவன் ஏதாவது பதில் சொல்வான். திட்டினால் திட்டினபடியே, ஒரு வார்த்தை குறைக்காமல் வந்து என்னிடம் சொல்லுங்கள்.