அம்மாவின் இரட்சிப்பும் மாஷியின் சிந்தூரமும்

எங்கள் வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் அது இரட்சிப்பைப் பற்றித்தான் இருக்கும். மற்ற வீடுகளில் சம்பளம், மாமியார், உப்பு குறைந்த குழம்பு என்று காரணம் கிடைக்கும். என் அப்பாவும் அம்மாவும், ஒருமுறை பாவத்திலிருந்து இரட்சிக்கப்பட்ட விசுவாசி அந்த இரட்சிப்பை இழந்துபோக முடியுமா முடியாதா என்று மோதிக்கொள்வார்கள். முடியவே முடியாது என்பது அப்பாவின் கட்சி. பிள்ளை சேட்டை பண்ணினால் பிள்ளையே இல்லை என்று ஆகிவிடுமா என்று கேட்பார். வீட்டை விட்டு ஓடிப்போகிற பிள்ளையும் இருக்கிறதே, அது எங்கே போய்ச் சாப்பிடும் என்று அம்மா திருப்பிக் கேட்பாள். அவர் மேய்ப்பனின் கைக்குள் இருக்கும் ஆட்டைக் காட்டுவார். அவள் செடியிலிருந்து வெட்டிப்போடப்படும் கிளையைக் காட்டுவாள். இதற்குள் இட்லி ஆறிப்போயிருக்கும்.

இரண்டு பேருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அப்பா, கோபுரமும் மணியும் உள்ள பெரிய கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர். அம்மா பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவள். நகை கிடையாது, பூ கிடையாது, பொட்டு கிடையாது, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை. இந்தக் கல்யாணம் எப்படி நடந்தது என்பதற்கு இரண்டு வீட்டாரும் வெகுகாலம் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்குக் கல்கத்தா துறைமுகத்துக்கு மாற்றல் வந்தது. அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. ஜாதவ்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் குடியேறினோம்.

ஊரில் ஒரே தெருவில் நாலு சபை இருக்கும், ஒருவர் வாசலை இன்னொருவர் மிதிக்கமாட்டார். கல்கத்தாவில் அந்த வசதி இல்லை. தமிழ் ஆராதனை ஒன்றே ஒன்று, காளிகாட் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில், மத்தியான வேளையில் நடந்தது. துறைமுகம், ரயில்வே, ராணுவம் என்று மாற்றலில் வந்த குடும்பங்கள் எல்லாம் வேறு வழியில்லாமல் ஒரே கூரைக்குள் உட்கார்ந்தோம். ஒரு சாரார் பிடிவாதத்துக்காக வாராவாரம் கர்த்தரின் நினைவாக அப்பம் பிட்கும் பந்தி உண்டு. இன்னொரு சாரார் ஆசைக்காகக் கைதட்டிப் பாட்டும் உண்டு. இரட்சிப்பை இழக்கலாமா என்ற பேச்சை மட்டும் டீ கொடுத்து முடிகிறவரை எடுக்கக் கூடாது என்று எழுதாத சட்டம் இருந்தது. எடுத்தால் டீ ஆறிவிடும் என்பது எல்லாருக்கும் அனுபவம். பாஸ்டர் ஐயா வாரநாளில் ரயில்வே ஆபீசில் வேலை பார்த்தவர். அவர் அம்மாவின் கட்சி. இரட்சிப்பு கண்ணாடிப் பாத்திரம், கை நழுவினால் போச்சு என்று அடிக்கடி சொல்வார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அம்மா பெண்கள் வரிசையிலிருந்து அப்பாவை ஒரு பார்வை பார்ப்பாள்.

எதிர்வீட்டு வங்காளி அம்மாவை நான் மாஷி என்றேன், பெரியம்மா மாதிரி. அம்மா அவளைத் தீதி என்பாள், அக்கா என்று. இரண்டு வீட்டுச் சமையலறை ஜன்னல்களும் நேருக்கு நேர். அம்மா ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே கீர்த்தனை பாடுவாள். மாஷி மீனைப் புரட்டிக்கொண்டே, ஒரு வார்த்தையும் தெரியாமல், அதே ராகத்தை முனகுவாள். துர்கா பூஜையின் கடைசி நாளான தசமிக்கு மாஷி எங்கள் வீட்டுக்கு இனிப்புக் கொண்டுவருவாள். விக்கிரகத்துக்குப் படைத்ததை அம்மா சாப்பிடமாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் கடையில் கட்டிய நூலை அவிழ்க்காமல் பெட்டியை அப்படியே நீட்டுவாள். அம்மா நூலைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள்.

ஒரு வருஷம் மாஷிக்கு முழங்கால் வலி. ஒருமுறை படியிறங்கினால் திரும்ப ஏற வெகுநேரம் ஆகும். தசமியன்று கீழே பூஜைப் பந்தலில் நின்றுகொண்டு, நீயே இறங்கி வந்து வாங்கிக்கொள் என்று அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா ஒரு காலி எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பந்தலுக்குள் போகமாட்டாள் இல்லையா, அதனால் வெளியே நின்றாள். அங்கே கட்டடத்துப் பெண்கள் எல்லாம் தட்டும் கையுமாக வரிசையில் நின்றார்கள். தட்டுகளில் இனிப்பு இருந்தது. இனிப்பு வழங்குகிற வரிசை என்று நினைத்து அம்மா கடைசியில் போய் நின்றுகொண்டாள்.

அது தேவியை வழியனுப்பிவிட்டு, சுமங்கலிகள் ஒருவர் முகத்தில் ஒருவர் சிந்தூரம் பூசி விளையாடுவதற்கான வரிசை. நான் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வரிசை கலைந்தது. மாஷி ஒரு கை சிந்தூரத்தை அள்ளி, பிறந்ததிலிருந்து பொட்டுப் படாத என் அம்மாவின் வகிட்டிலும் நெற்றியிலும் வைத்து, அப்படியே இரண்டு கன்னத்திலும் இழுத்துவிட்டாள். அம்மா தட்டைப் போட்டுவிட்டு ஓடிவருவாள் என்று நினைத்தேன். தட்டு விழுந்தது, அது சரி. ஆனால் அம்மா ஓடவில்லை. மாஷியின் தட்டில் கையை விட்டு அள்ளி, மாஷியின் முகம் முழுக்கப் பூசினாள். பக்கத்தில் நின்ற இன்னொருத்திக்கும் பூசினாள். பூசிவிட்டுச் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அப்படி அவள் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு ஒரே சந்தோஷம்.

மாடி ஏறி வந்து கண்ணாடியைப் பார்த்ததும்தான் அவளுக்கு உறைத்தது. சோப்புப் போட்டாள், கடலை மாவு போட்டாள். அப்பா தேங்காய் எண்ணெய்ப் புட்டியை நீட்டினார். எல்லாம் போட்டும் ஞாயிற்றுக்கிழமை வரை வகிட்டில் ஒரு ரோஸ் நிறம் ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சேலைக்கு அது பளிச்சென்று தெரிந்தது. சபையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பாவத்தோடு அப்பம் எடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அப்பத் தட்டு வந்தபோது அம்மா தானாகவே தலையைக் குனிந்துகொண்டாள். தட்டு அவளைத் தாண்டிப் போனது.

அடுத்த வாரமும் தாண்டிப் போனது. அப்பா பஸ்ஸிலும் வீட்டிலும் வேத வசனமாக அடுக்கினார். மற்றவர் பூசிவிட்டதற்கு நீ என்ன செய்வாய் என்றார். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்:

"அவுக பூசினது தப்புன்னு நான் சொல்லலையே. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அதுக்கு என்ன சொல்லுதீங்க?"

அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண்ணாடிப் பாத்திரம் கை நழுவிவிட்டது, அதுவும் சிரித்துக்கொண்டே நழுவவிட்டுவிட்டோம் என்று நிஜமாகவே நம்பினாள். வெறும் வாதமாக இருந்தது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. சாப்பாட்டு நேரத்துச் சண்டை நின்றுபோனது. இட்லி சூடாகவே கிடைத்தது, யாருக்கும் இறங்கவில்லை. சமையலறையில் பாட்டும் நின்றது.

பாட்டு நின்றதை முதலில் கவனித்தவள் மாஷி. குளிர் தொடங்கியிருந்தது. மாடிப்படியில் என்னைப் பிடித்து, உன் அம்மாவுக்கு என்மேல் கோபமா என்று கேட்டாள். எனக்குத் தமிழைவிட வங்காளம் நன்றாக வரும். ஆனால் இரட்சிப்பை வங்காளத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொர்க்கத்துக்கு எடுத்து வைத்த டிக்கெட் சிந்தூரத்தால் கேன்சல் ஆகிவிட்டதோ என்று அம்மா பயப்படுகிறாள், அதனால் சபையில் பிரசாதம்கூட வாங்குவதில்லை என்றேன். மாஷி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பிறகு "கிச்சு ஹோபே நா" என்றாள். ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். பஸ் போய்விட்டாலும், பரீட்சையில் கோட்டைவிட்டாலும், கூரை ஒழுகினாலும் வங்காளிகள் சொல்வது அதுதான். சொன்னாளே தவிர, அவள் முகம் ஒன்றும் ஆகாத முகமாக இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிளம்பும்போது மாஷி வாசலில் நின்றாள். வெள்ளையில் சிவப்புக் கரை போட்ட சேலை, நெற்றியில் பெரிய பொட்டு, கையில் இனிப்புப் பெட்டி. தானும் வருவதாகச் சொன்னாள். முழங்கால் வலியோடு மினி பஸ்ஸில் ஏறினாள். காளிகாட்டில் செம்பருத்தி மாலையோடு காளி கோயிலுக்குப் போகிற கூட்டம் ஒரு பக்கம் திரும்ப, மாஷி பழக்கத்தில் அந்தப் பக்கமே நடக்க, நான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். ஹாலில் பெண்கள் வரிசையில், வெள்ளைச் சேலைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். பாட்டு வரும்போதெல்லாம் கூடவே முனகினாள். ராகமெல்லாம் அவளுக்கு ஏற்கெனவே பாடம்.

அப்பத் தட்டு வந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். தட்டு தாண்டுகிற நேரத்தில் மாஷி எழுந்து நின்றுவிட்டாள். எங்கள் சபையில் பந்தி நேரத்தில் இருமலைக்கூட அடக்கிக்கொள்வார்கள். மாஷி பாஸ்டர் ஐயாவைப் பார்த்துக் கும்பிட்டு வங்காளத்தில் பேசத் தொடங்கினாள். அவர் என்னைப் பார்த்தார். என்ன சொல்லுகிறார்கள் என்று கேட்டார். நான் எழுந்து நின்று சொன்னேன்:

"அம்மா மேல தப்பு இல்லையாம். பூசினது அவங்கதானாம். தண்டனை ஏதாவது இருந்தா அத அவங்களுக்குக் குடுத்துட்டு, அம்மாவ விட்டுரணுமாம். அதுக்குத்தான் வந்திருக்காங்களாம்."

பாஸ்டர் ஐயா மாஷியைப் பார்த்தார். பின்பு கையிலிருந்த அப்பத்தைப் பார்த்தார். இன்னொருவர் குற்றத்தைத் தன்மேல் போட்டுக்கொண்டவரைப் பற்றித்தான் அவர் வாராவாரம் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. தட்டைத் தானே எடுத்துக்கொண்டு பெண்கள் பக்கம் வந்து அம்மா முன்னால் நின்றார்.

"இதுக்கு மேல நான் என்ன பிரசங்கம் பண்ண, சகோதரி? எடுத்துக்கோங்க."

அம்மா எடுத்துக்கொண்டாள். வாயில் போடுவதற்குள் அழுகை வந்தது, அழுகையோடு சிரிப்பும் வந்தது. பந்தலில் கேட்ட அதே சிரிப்பு. வாயைச் சேலைத் தலைப்பால் மூடியும் அடங்கவில்லை. அவள் சிரிப்பதைப் பார்த்து மாஷியும் சிரித்தாள். அந்த ஹாலில், பந்தி நேரத்தில், சந்தோஷத்துக்காக யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை.

டீ நேரத்தில் மாஷி பெட்டியைத் தூக்கிப் பிடித்து, கடையிலிருந்து நேராக வருகிறது, எந்தச் சாமிக்கும் காட்டவில்லை என்று அறிவித்தாள். நான் மொழிபெயர்த்தேன். சிலர் எட்டி நூலைப் பார்த்ததையும் நான் பார்த்தேன். குளிர்காலத்து ஈச்ச வெல்லம் போட்ட சந்தேஷ் என்ற பால் இனிப்பு. வாயில் போட்டதும், நம்ம ஊர்க் கருப்பட்டி மாதிரியே இருக்கிறது என்று திருநெல்வேலிக்காரர்கள் எல்லாரும் கட்சி பேதமில்லாமல் ஒத்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவுக்கு வாய் நிற்கவில்லை. வருஷக்கணக்காக நான் சொல்லி ஏறாதது, அவர்கள் வந்து நின்று சொன்னதும் ஏறிவிட்டதாக்கும் என்றார். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அவுக சொன்னது எனக்காக. நீங்க சொன்னது ஜெயிக்கதுக்காக."

மறுநாள் காலையில் சமையலறையில் பாட்டு கேட்டது, எதிர் ஜன்னலில் முனகலும் கேட்டது. சாப்பாட்டு மேஜையில் ஆட்டுக்கும் கிளைக்கும் மறுபடியும் சண்டை தொடங்கியது. அம்மா கட்சி மாறவில்லை. அப்பம் எடுத்தது வேறு, வாதம் வேறு என்பாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

வருஷங்கள் ஓடின. அப்பா ஓய்வு பெற்றார், நான் வேலைக்குப் போனேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு நியூ டவுனில் ஃப்ளாட் எடுத்து அப்பா அம்மாவைக் கூட்டிவந்துவிட்டேன். தசமிக்கு மட்டும் அம்மா விடாமல் ஜாதவ்பூருக்குக் கிளம்பிவிடுவாள், கூடவே அப்பாவும் நானும். மாஷியின் கணவர் காலமான வருஷமும் போனோம். கீழே சிந்தூர விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. விதவை என்பதால் மாஷி இறங்கவில்லை. மாடியில் வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்தாள். அம்மா தன் வெறும் நெற்றியோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இந்த முறை நூல் அவிழ்க்காத பெட்டி எங்களுடையது. அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகில் நின்றார்.

மாஷி அம்மாவின் முகத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்குப் பழைய குறும்பு போகவில்லை. உன் டிக்கெட் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டாள்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை, அப்பா பக்கமும் திரும்பவில்லை. தனக்கு வந்த வங்காளத்தில் சொன்னாள்.

"இருக்கு தீதி. அது எங்கேயும் போகாது."

அப்பா வாயைத் திறந்தார். இத்தனை வருஷ வழக்கில் எதிர்க்கட்சியின் வாக்குமூலத்தைக் காதால் கேட்ட மனுஷர், பாவம். அம்மா பார்க்காமலே கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

"ஒரு வார்த்தை பேசப்படாது. பெட்டியக் குடுங்க."